வழியில் பிறந்தவர்கள்

ராஜகீழ்ப்பாக்கம்,
10 நவம்பர் 2024

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

உன் அண்ணனும் நானும் சுகம். மலைமேல் குளிர் தொடங்கிவிட்டதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மூன்று நாளாக மழை. வேளச்சேரி ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. நேற்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்னலிலிருந்து வீடுவரை நடந்தேன். உன் அண்ணன் துண்டோடு வாசலில் நின்று, "புரொஃபசர் அம்மா நீந்தியே வந்துட்டீங்களா?" என்றார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் சாலமனுக்குக் கேலி செய்வதுதான் உத்தியோகம்.

வருகிற மே மாதத்தோடு எனக்கும் ஓய்வு. முப்பத்திரண்டு வருஷம் நர்சிங் கல்லூரியில் கிராம சுகாதாரம் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. போவதற்குமுன் கடைசியாக ஓர் ஆய்வு செய்கிறேன். கிராமத்துக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களில் சிலர் ஏன் நிலைக்கிறார்கள், பலர் ஏன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதுதான் விஷயம். நாச்சிக்காடு துணை சுகாதார நிலையத்தில் நீ ஒருத்தியாக இருபத்தாறு வருஷம் இருக்கிறாய். உன்னை விட்டுவிட்டு இதை எப்படி எழுதுவேன்? உன் பத்து வருஷப் பிரசவப் பதிவேட்டை நகல் எடுத்து அனுப்பு. துறையின் அனுமதிக் கடிதம் உள்ளே இருக்கிறது.

கல்லூரியில் எனக்கு வழியனுப்பு விழா வைத்து, ஒரு மலரும் போடுகிறார்கள். 2008 கட்டுரைதான் அதில் முதலில் வருமாம். சிறிய துணை நிலையங்களில் பிரசவம் குறைவாக நடப்பதால் செவிலியரின் கைப்பழக்கம் போய்விடுகிறது, எல்லாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று எழுதினேனே, அதுதான். நாலு பேருக்கு என்னைத் தெரிந்ததே அதனால்தான். நீயும் விழாவுக்கு வரவேண்டும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பிரியமுள்ள அண்ணி,
ஞானஜோதி


நாச்சிக்காடு,
28 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருவரும் நலமாக இருப்பதற்கு ஸ்தோத்திரம். அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? டவர் இல்லாத ஊரில் இருப்பதால் எனக்குக் கிடைத்த லாபம் உங்கள் கடிதங்கள்தான். போனில் என்றால் "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓய்வு பெறுகிறீர்கள் என்று படித்ததும் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. பிளஸ் டூவில் ஃபெயிலாகி வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, கல்யாணமாகி வந்த ஆறாம் மாதமே நீங்கள்தான் திரும்ப எழுத வைத்தீர்கள். பாஸானதும் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் நீங்கள்தான். இன்றைக்கு இந்த மலையில் என்னை நர்சம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அது நீங்கள் போட்ட பிச்சை.

பதிவேடுகள் பழசு. சில பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கின்றன. நகல் எடுக்கக் கீழேதான் போகவேண்டும். தேவைப்பட்டால் பார்க்கலாம், அண்ணி. என்னைப் போன்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே.

இரண்டு பேருக்காகவும் ஜெபிக்கிறேன்.

உங்கள்,
கிறிஸ்டினா


ராஜகீழ்ப்பாக்கம்,
15 டிசம்பர் 2024

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

நலம். நலமறிய ஆவல். வீட்டில் ஸ்டார் கட்டியாகிவிட்டது. உன் அண்ணன் ஏணியில் ஏறியதால் எனக்குத்தான் ரத்த அழுத்தம்.

பிச்சை என்ற வார்த்தையை இனிமேல் எழுதாதே. ராத்தூக்கம் கெட்டுப் படித்தது நீ. நான் விண்ணப்பம் வாங்கியதோடு சரி.

ஈரமான பக்கமானாலும் அனுப்பு. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. துணை நிலையங்களில் என்னென்ன வசதி இருக்கவேண்டும் என்று முடிவுசெய்யத் துறையில் புதிதாக ஒரு குழு போட்டிருக்கிறார்கள். மே மாதம் என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோப்பில் முதல் தாளே என் 2008 கட்டுரைதானாம். பதினாறு வருஷம் ஒரு கட்டுரை உயிரோடு இருப்பது லேசான காரியமில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே வாழ்த்து. பார்சலில் கேக் வருகிறது.

அன்புடன்,
அண்ணி


நாச்சிக்காடு,
6 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

புது வருஷ வாழ்த்துகள். கேக்கை அங்கன்வாடிப் பிள்ளைகளோடு சாப்பிட்டேன். மிகவும் நன்றி.

பதிவேட்டின் நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். ஏதாவது புரியாவிட்டால், கேட்காமல் விட்டுவிடுங்கள்.

உங்கள்,
கிறிஸ்டினா


ராஜகீழ்ப்பாக்கம்,
25 ஜனவரி 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நகல்களுக்கு நன்றி. நீ கேட்காதே என்றாய். கேட்காமல் இருப்பதற்கு எனக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

பத்து வருஷத்தில் உன் நிலையத்தில் நடந்த பிரசவம் பூஜ்யம். அது சரி, துணை நிலையத்தில் பிரசவம் பார்க்கக் கூடாது என்பதுதானே விதி. ஆனால் முப்பத்தெட்டு இடத்தில், பிறந்த இடம் என்ற பத்தியில் 'வழியில் பிறந்தது' என்று எழுதியிருக்கிறாய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற வழியில். முப்பத்தெட்டு பெண்கள், மலைப்பாதையில், ஜீப்பில். ஒரு தாய்கூடச் சாகவில்லை. ஒருத்திக்குக்கூட அளவுமீறிய ரத்தப்போக்கு இல்லை. குழந்தைகளின் எடை கிராம் சுத்தமாக இருக்கிறது. ஓடுகிற ஜீப்பில் தராசு எங்கிருந்து வந்தது, கிறிஸ்டி?

உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


ராஜகீழ்ப்பாக்கம்,
2 மார்ச் 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

ஐந்து வாரமாயிற்று. உடம்பு சரியில்லையா? மாதக் கூட்டத்துக்கு நீ கீழே வந்துபோனதாக உங்கள் வட்டார டாக்டர் ஆரோனிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

முந்தின கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக்காட்டினேன். கேலிகூடச் செய்யாமல் கேட்டுவிட்டு, "ஜோதி, நீ அவளுக்கு எழுதினியா, இல்ல பரிச்சப் பேப்பர் திருத்தினியா?" என்றார். அது உண்மை. மன்னித்துக்கொள். நீ பதில் சொல்ல வேண்டாம். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும். அந்தப் பதிவேட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணி


நாச்சிக்காடு,
20 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2010-இல் மாதக் கூட்டத்தில் ஓர் உத்தரவைப் படித்தார்கள். வருஷத்தில் பன்னிரண்டு பிரசவத்துக்குக் குறைவாகப் பார்க்கும் நிலையங்களில் இனிப் பிரசவம் கூடாது, பிரசவக் கட்டிலையும் மருந்துகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று. கூடவே உங்கள் கட்டுரையின் நகலைக் கையில் கொடுத்தார்கள். மேலே உங்கள் பெயர். பக்கத்தில் இருந்த சிஸ்டர்களிடமெல்லாம் "எங்க அண்ணி, எங்க அண்ணி" என்று காட்டினேன். கைதட்டினேன், அண்ணி. அடுத்த வாரம் ஜீப்பில் கட்டிலை ஏற்றினார்கள். தூக்கிவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

மறு வருஷம் ஆகஸ்டில் வேதா என்ற பெண்ணுக்கு நேரம் வந்தது. இருபத்திரண்டு வயது, இரண்டாவது பிரசவம். காலை பதினொரு மணிக்கு வலி. முன்பென்றால் என் கட்டிலில் படுக்கவைத்திருப்பேன். விதிப்படி, ஆள் அனுப்பி ஜீப்பை வரச்சொன்னேன். அது வரவே இரண்டு மணி நேரம். பாதி மலையில் குழந்தை பிறந்துவிட்டது, பெண். நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. நிறுத்துகிற ஊசியைக் கட்டிலோடு ஒப்படைத்துவிட்டேன். கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். வேதா என்னைப் பார்த்து, "நர்சம்மா, ஊசி போடுங்க, சரியாப் போவும்" என்றாள். முதல் பிரசவத்தில் அவளுக்கு நான்தான் ஊசி போட்டிருந்தேன். அந்த நினைப்பில் கேட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கேட்டைப் பார்க்கும்போது அவள் இல்லை.

அதன்பின் நான் விதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். சிக்கல் வரும் என்று தெரிந்தவர்களைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே கீழே அனுப்பிவிடுவேன். மற்றவர்களுக்கு நேரமில்லாமல் போனால் இங்கேயே, மேஜையில். மருந்தை டாக்டர் ஆரோன் கொடுத்துவிடுவார். ஒருதடவை அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "சிஸ்டர், எங்க பிறந்துச்சுன்னு நான் கேக்கல. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பதிவேட்டில் 'வழியில் பிறந்தது' என்று போட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் தனி நோட்டில் எழுதியிருக்கிறேன். 2011 முதல் ஐம்பத்து மூன்று பிரசவம். தாய்மார்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் பதினான்கு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த காரியத்தைப் பற்றி நான் எப்படி இதைச் சொல்வேன்? இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் குழுவுக்கு முன் நீங்கள் மறுபடியும் அதையே பேசப்போகிறீர்கள்.

கோபம் வந்தால் திட்டுங்கள். கடிதம் மட்டும் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்,
கிறிஸ்டினா


ராஜகீழ்ப்பாக்கம்,
6 ஏப்ரல் 2025

என் அன்புக் கிறிஸ்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. உன் அண்ணன் ஒன்றும் கேட்காமல் கஞ்சி வைத்துக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்தக் கட்டுரையை எடுத்து, வேறு யாரோ எழுதியதுபோலப் படித்தேன். அறுபத்து நான்கு நிலையங்கள். குன்றத்தூர்ப் பக்கம், திருப்போரூர்ப் பக்கம், நாவலூரில் இன்னும் வயல் மிச்சமிருந்த காலம். எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன. அந்த ஊர்களுக்கு அது இன்றும் சரி. ஆனால் முடிவுரையில், கடைசிக்கு முந்தைய வரி: 'இது மலைப்பகுதிகளுக்கும் பொருந்தும்.' அதற்கு முன்னும் பின்னும் ஒரு சான்றும் இல்லை. ஏன் எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வாக்கியம் நிறைவாக முடியட்டும் என்று எழுதியிருப்பேன்.

அந்த ஆய்வுக்கெல்லாம் எங்களைக் கூட்டிப்போனவர் கல்லூரி வேன் டிரைவர் ஏசுபாதம். வேனில் ஏறும்போது கேட்டேன்: "ஏசுபாதம், 2007-ல சர்வேக்குப் போனோமே, மலைப்பக்கம் எங்கயாவது போனோமா?"

"மலைக்கா? இன்னா மேடம், வேன் போற எடத்துக்குத்தான போய்கினு இருந்தோம்" என்றார்.

ஒரு தேர்வாளரும் இதை என்னிடம் கேட்டதில்லை, கிறிஸ்டி. டாக்டர் பட்டத்துக்கும் கேட்கவில்லை, விருதுக்கும் கேட்கவில்லை.

உன்மேல் கோபமா? நான் எழுதியதை நீ கேட்காமல் போனதால்தான் ஐம்பத்து மூன்று தாய்மார்கள் இருக்கிறார்கள். அதற்கு உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். என் பெயரைக் காப்பாற்றுவதற்காக நீ பதினான்கு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதற்கு மட்டும் நன்றி சொல்ல முடியவில்லை. அது என்னைச் சுடுகிறது. என்னிடம் எதையும் சொல்லலாம் என்று உனக்குத் தோன்றாதபடி நான் இருந்திருக்கிறேன்.

குழுவின் முன் அந்த வரி தவறு என்று சொல்லப்போகிறேன். உன் நோட்டைப் பற்றிப் பேசமாட்டேன். அது வெளியே வந்தால் உன் வேலைக்கு ஆபத்து. நீ அமைதியாக இரு.

உன்னை நினைத்துக் கர்த்தருக்கு நன்றி செலுத்தும்,
அண்ணி


நாச்சிக்காடு,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு பேரும் சுகமா? உங்கள் கடிதத்தை நிலைய வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே படித்தேன். ஊசி போட்டுக்கொள்ள வந்த பெண்ணொருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

வரி தவறு என்று வெறுமனே சொன்னால், "அப்போ எது சரி?" என்று கேட்பார்களே. அப்போது எதைக் காட்டுவீர்கள்? நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தாய்மார்களின் பெயரை மறைத்துவிடுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம். பெயரில்லாத நோட்டை யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தியதே நீங்கள்தான். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. மெமோ வந்தால் வரட்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "மருந்து குடுத்தது நான்தான்னு நானும் எழுதிக் குடுக்கிறேன், சிஸ்டர்" என்றார்.

இப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

உங்கள்,
கிறிஸ்டினா


ராஜகீழ்ப்பாக்கம்,
29 ஜூன் 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

நாச்சிக்காட்டிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் அண்ணன் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்து, தாம்பரம் வந்த பிறகும் தலை சுற்றுகிறது என்கிறார். ஐந்து நாள் எங்களுக்குச் சோறு போட்டதற்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் என்னைக் கூட்டிப்போய் தூரம் அளக்க விட்டதற்கும் நன்றி.

குழுக் கூட்டத்தைப் பற்றி அங்கே வைத்துச் சரியாகச் சொல்லவில்லை. தலைவர் சூர்யநாராயணன் நல்ல மனிதர்தான். நான் அந்த வரியைப் படித்து, இதற்கு என்னிடம் சான்றில்லை, நீக்கிவிடுங்கள் என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், பதினாறு வருஷமா இதத்தான் நாங்க கோட் பண்ணிட்டிருக்கோம்."

"தெரியும் சார். அதனாலதான் வந்தேன்."

பிறகு உன் நோட்டை வைத்தேன். எல்லாரும் அதைக் கைமாற்றிப் பார்த்தார்கள். விழா மலரில் கட்டுரைக்குக் கீழே அந்தத் திருத்தத்தைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னேன். வழியனுப்பு விழாவில் எதற்கு மேடம் என்றார்கள். வேறு எப்போது போடுவது?

இன்னொன்றை உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். வியாழக்கிழமை நீ தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது, நான் தனியாக வேதாவின் அம்மா அங்காளம்மாள் வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யார், என்ன எழுதினேன், அதனால் என்ன ஆனது என்று சொன்னேன். முறத்தை நிறுத்தவே இல்லை. முடித்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

"கட்டிலு திரும்ப வருமா?" என்று கேட்டார்கள்.

"கேட்டிருக்கோம்மா. இன்னும் பதில் வரல."

"வரட்டும். வந்தா வா, பேசலாம்."

அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம் என்று எனக்குப் பட்டது. திரும்பி வரும் வழியில், மன்னிப்பைக்கூட ஓய்வூதியம்போல உடனே வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்ததற்காக வெட்கப்பட்டேன்.

உனக்கு மெமோ வந்தால் மறைக்காதே. இனி நாம் எதையும் மறைப்பதில்லை.

அன்புடன்,
அண்ணி


நாச்சிக்காடு,
23 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்தது என்று கேட்டு மகிழ்ச்சி. உங்கள் இருவரையும் தேவன் இன்னும் நெடுநாள் வைத்திருக்கட்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். மெமோ ஆகஸ்டில் வந்தது, விசாரணையும் நடந்தது. போன வாரம் முடிவு வந்தது: எனக்கும் டாக்டருக்கும் எச்சரிக்கை. பணிப்பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு வரி ஏறிவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் முதல் கறுப்புப் புள்ளி. படித்தபோது வலித்தது. மறுநாள் சரியாகிவிட்டது.

அதே வாரம் இன்னொரு உத்தரவும் வந்தது. தூரமான மலை நிலையங்கள் ஆறில் மறுபடியும் பிரசவம் பார்க்கலாம். கட்டில், மருந்து, வருஷத்துக்கு இரண்டு தடவை கைப்பழக்கத்துக்கு ஜி.எச்.சில் பயிற்சி. பயிற்சியை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள் என்று டாக்டர் சொன்னார். உங்கள் பழைய கட்டுரையில் சரியாக இருந்ததையும் நீங்கள் விடவில்லை, அண்ணி.

செவ்வாய்க்கிழமை கட்டில் வந்தது. இறக்குவதைப் பார்க்க ஊரே நின்றது. அங்காளம்மாளும் வந்தார்கள். எல்லாரும் போகும்வரை மூலையில் நின்றிருந்துவிட்டு, கிட்டே வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். ஆடவில்லை. பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அந்த மெட்ராஸ் அம்மா எங்க? கட்டிலு வந்தா வரச் சொன்னேனே. அன்னிக்கு வெயில்ல நிக்கவெச்சே அனுப்பிட்டேன். வரச் சொல்லு நர்சம்மா. சாமைச் சோறு ஆக்கறேன், உக்காந்து தின்னுட்டுப் போவட்டும். எம் பொண்ணப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்றதுக்கு நெறைய இருக்குது."

மழையில் பாதை சரிந்து, இப்போது காலை ஆறரை பஸ் ஒன்றுதான் மேலே வருகிறது. அதைப் பிடிக்க முந்தின நாளே கிளம்ப வேண்டும். வாருங்கள், அண்ணி. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும் நீங்கள் தனியாகப் போங்கள்.

உங்களுக்கு என்றும் நன்றியுள்ள,
கிறிஸ்டி